சோலோவுக்கு முன்: விமானம் துள்ளினால் கை என்ன செய்ய வேண்டும்

செஸ்னா 152 என்ற இரண்டு சீட் பயிற்சி விமானத்தில் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வேலை செய்வது மகாராஷ்டிரத்தில். ஒவ்வொரு பேட்சிலும் மூன்று நான்கு தமிழ்ப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். முதல் சோலோவுக்கு, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பதற்கு, இரண்டு நாள் முன்னால் அவர்களைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்வதற்கும் விமானத்தின் கையேட்டில் இருப்பதற்கும் இது மாற்று இல்லை. நான் சொல்லும் எண்கள் 152-க்கு உரியவை. வேறு விமானம் ஓட்டுகிறவர்கள் அதன் கையேட்டை எடுத்துப் பாருங்கள்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நான்காவது சோலோ. காலை ஏழு மணி, காற்று கிட்டத்தட்ட இல்லை. ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில், வேகம் 60 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 72 இருந்தது. பார்த்தேன், ஆனால் குறைக்கவில்லை. ரன்வே வந்துவிட்டது, ஃப்ளேர் செய்தேன், அதாவது மூக்கைத் தூக்கி இறக்கத்தைக் குறைத்தேன், விமானம் மிதந்தது. மிதந்துகொண்டே போனது. ரன்வே தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் யோக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பிடி, இழுத்தால் மூக்கு உயரும், தள்ளினால் தாழும்) லேசாக விட்டு விமானத்தைத் தரையில் வைத்தேன். மூன்று சக்கரமும் ஒன்றாக, நோஸ் வீல் என்ற முன்சக்கரம் ஒரு கணம் முந்தி. விமானம் எகிறியது. ஆறேழு அடி இருக்கும். முன்கண்ணாடியில் ரன்வே காணாமல் போய் வானம் மட்டும் தெரிந்தது. யோக்கை முன்னால் தள்ளினேன். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை, கை தானாகத் தள்ளியது. இரண்டாவது அடி முதல் அடியைவிட பலம். மறுபடி எகிறியது, இழுத்தேன், தள்ளினேன். மூன்றாவது அடியில் நோஸ் வீல் மடங்கி ப்ரொப்பெல்லர் தார்த்தளத்தை அறைந்து எஞ்சின் நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. முதல் துள்ளலிலிருந்து விமானம் நிற்கும் வரை பத்து விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதல் அடியில் அந்த விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன ஆனதோ அதெல்லாம் அதற்குப் பிறகு என் கை செய்தது. மாணவர்களின் லேண்டிங் விபத்துகளில் நான் நேரில் பார்த்தவை, பிறகு அறிக்கைகளில் படித்தவை பெரும்பாலும் இதே வடிவம்தான். சின்னத் தப்பு ஒன்று, அதைச் சரிசெய்யப் போய்ப் பெரிய தப்பு ஒன்று. சின்னத் தப்பைக் குறைப்பதற்கும் பெரிய தப்பைச் செய்யாமல் இருப்பதற்கும் தனித்தனி வழிகள் இருக்கின்றன.

300 அடியில் ஒரு கேள்வி

லேண்டிங் தரையில் கெடுவதில்லை. ஃபைனலில், சில சமயம் அதற்கு முந்தைய கட்டமான பேஸிலேயே கெட்டுவிடுகிறது. தரையில்தான் அது வெளியே தெரிகிறது.

ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) போட்ட 152-க்கு, தரையிறங்க வரும் அப்ரோச் வேகம் 55 முதல் 65 நாட் என்று கையேடு சொல்கிறது. நான் 60 என்று பழக்குகிறேன். 60-க்குப் பதில் 66 வந்தால் "பத்து சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் விமானம் சுமந்துவரும் சக்தி வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 66-இல் அது 21 சதவீதம் அதிகம், 70-இல் 36 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல் சக்தி கரைகிற வரை விமானம் உட்காராது. ரன்வேக்கு மேல் இறக்கையின் நீளத்துக்கும் குறைவான உயரத்துக்கு வந்ததும் காற்றின் இழுவை குறைந்துவிடும், அதனால் கரையவும் நேரம் எடுக்கும். அந்த மிதப்பில்தான் மாணவருக்குப் பொறுமை போகிறது. என் கதை அங்கேதான் தொடங்கியது.

சோலோவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பக்கத்து சீட் காலி. 152-இன் அதிகபட்ச எடை 757 கிலோ. 70 கிலோ இன்ஸ்ட்ரக்டர் இறங்கிப்போனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடை போய்விடுகிறது. அதனால் டேக்-ஆஃபில் சீக்கிரம் எழும்பும், சர்க்யூட் (ஏர்ஃபீல்டைச் சுற்றி வரும் பாதை) உயரத்துக்கு நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே வந்துவிடும், ஃப்ளேரில் இன்னும் கொஞ்சம் மிதக்கும். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் வராது.

எனவே 300 அடியில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள்: "வேகம் சரியா, ஃப்ளாப் சரியா, சென்டர்லைனில் இருக்கிறேனா, தொட வேண்டிய இடம் கண்ணாடியில் நகராமல் நிற்கிறதா?" கடைசிக் கேள்விக்கு ஒரு விளக்கம். ரன்வேயின் எண் கண்ணாடியில் மேலே ஏறிக்கொண்டே போனால் நீங்கள் அதற்கு முன்னாலேயே தரையைத் தொடப் போகிறீர்கள். கீழே இறங்கிக்கொண்டே வந்தால் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் சரி. நான்கில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் பவர் கொடுத்து ஏறி மறுபடி சுற்றி வருவது. சரிசெய்துவிடலாம் என்று 100 அடி வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஃபைனல் திருப்பத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதில் மட்டும் நான் கடுமையாகவே பேசுவேன், ஏனென்றால் மற்ற தப்புகளில் பெரும்பாலும் விமானம் உடையும், இதில் ஆள் போவார். பேஸிலிருந்து திரும்பும்போது ரன்வே நேர்கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். மூக்கை ரன்வே பக்கம் கொண்டுவர, அதை இடம் வலமாகத் திருப்பும் கால் மிதியான ரடரை அழுத்தத் தோன்றும். ரடர் அழுத்தியதும் விமானம் அதிகமாகச் சாயும், சாய்வைத் தடுக்கக் கை எதிர்ப்பக்கம் எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) கொடுக்கும், மூக்கு தாழும், யோக்கை இழுப்பீர்கள். அப்படியே ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் வலுவை இழந்தால், விமானம் சுழன்றபடி விழும் ஸ்பின்னுக்குள் போகும். 400, 500 அடியில் மீள இடமே கிடையாது. சர்க்யூட்டில் 30 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம். கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான். இறக்கையை நேராக்கி, பவர் கொடுத்து, மறுபடி சுற்றி வாருங்கள்.

மொட்டைமாடி உயரம்

எந்த உயரத்தில் ஃப்ளேரைத் தொடங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். பத்து முதல் இருபது அடி என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடியில் நின்று தெருவைப் பார்த்தால் தெரு எப்படி விரிகிறதோ, அந்த உயரம். லீவில் ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம், மாடியில் நின்று தெருக்கோடியைப் பாருங்கள், அப்புறம் கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அதே தெருக்கோடியைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் இருப்பதுதான் ஃப்ளேர்.

இரண்டாவது பயிற்சி விமானத்துக்குள். பறக்காத நேரத்தில், அனுமதி கேட்டு, டேக்ஸிவேயில் நிற்கும் விமானத்தில் சும்மா ஐந்து நிமிடம் உட்காருங்கள். எஞ்சின் கவர் அடிவானத்தை எங்கே வெட்டுகிறது, ஓரத்துப் புல் எவ்வளவு பக்கத்தில் தெரிகிறது என்று கண்ணில் பதியுங்கள். சக்கரம் தரையைத் தொடும்போது உங்கள் கண் இருக்கப்போகும் உயரம் ஏறக்குறைய அதுதான்.

கண் எங்கே பார்க்க வேண்டும்? மூக்குக்கு நேர்கீழே பார்த்தால் தரை கலங்கலாக ஓடும், கை பதறி அதிகமாக இழுக்கும் அல்லது நேரம் தப்பி இழுக்கும். எங்கோ கண்காணாத தூரத்தையே பார்த்தால் தரை எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்பது உறைக்காது, நோஸ் வீல் முதலில் படும். ரன்வேயில் முன்னால் தள்ளி, வேகம் குறையக் குறைய கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாக, கடைசியில் மறுகோடிப் பக்கம் பார்வை நகர வேண்டும். சைக்கிள் ஓட்டும்போது முன்சக்கரத்தைப் பார்த்தா ஓட்டுகிறோம்?

ஃப்ளேருக்குப் பிறகு வருவதை நான் 'தாங்கிப் பிடித்தல்' என்று சொல்வேன். இடுப்பில் இருக்கும் நிறைகுடத்தைத் தரையில் வைக்கும்போது கடைசி ஒரு சாணில் என்ன செய்கிறோம்? வைத்துவிட மாட்டோம், தரை அதை வாங்கிக்கொள்கிற வரை தாங்கிக்கொண்டே போவோம். அதேபோல பவர் முழுதும் குறைத்த பிறகு, தரைக்கு ஒரு அடி மேலே விமானத்தை உட்காரவிடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள். அது கொஞ்சம் தாழும், கொஞ்சம் இழுங்கள். மறுபடி தாழும், மறுபடி கொஞ்சம் இழுங்கள். இழுக்க இழுக்க மூக்கு உயரும், ஸ்டால் நெருங்குவதை எச்சரிக்கும் ஸ்டால் ஹார்ன் முனகத் தொடங்கும், பின்னால் இருக்கும் இரண்டு மெயின் வீலும் தானாகத் தொடும். "வைக்காதே, அதுவா உட்காரும்" என்று நான் கத்துவது எங்கள் ஏர்ஃபீல்டில் பிரசித்தம்.

மெயின் வீல் தொட்டதும் யோக்கை விட்டுவிடாதீர்கள். இழுத்த இழுப்பிலேயே வைத்திருங்கள், வேகம் குறைந்து நோஸ் வீல் தானாக மெல்ல இறங்கட்டும். 152-இல் நோஸ் வீல் முன்பக்க ஃபயர்வாலோடு, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டோடு, சேர்ந்து நிற்கிறது. மெயின் வீல் கால்கள் ஸ்பிரிங் எஃகு, அடியை வாங்கவே செய்தவை. முன்கால் அப்படி இல்லை. அதன்மேல் விழும் அடி ஃபயர்வால் தகட்டுக்குப் போய் அதைச் சுருக்கும். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு சந்தேக லேண்டிங்குக்குப் பிறகும் டார்ச்சோடு குனிந்து பார்ப்பது அந்தத் தகட்டைத்தான்.

துள்ளிவிட்டால்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நிதானமாகப் படியுங்கள்.

துள்ளும்போது மூக்கு மேலே போகிறது, வானம் தெரிகிறது. மூக்கைக் கீழே கொண்டுவா என்று உடம்பு சொல்கிறது. ஆனால் தள்ளினால் விளைவு ஒரு கணம் தாமதமாக வருகிறது. அது வரும் நேரத்தில் விமானம் தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். உங்கள் தள்ளலும் அதன் இறக்கமும் சேர்ந்து நோஸ் வீலைத் தரையில் குத்துகின்றன. குத்தியதும் மூக்கு முன்னைவிட வேகமாக எகிறும். இழுப்பீர்கள், அதுவும் தாமதமாக வேலைசெய்யும். ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போல உங்கள் கையும் விமானமும் மாறி மாறி ஒன்றையொன்று கெடுக்கும். பைலட்டுகள் இதைப் போர்பாய்ஸ் என்பார்கள், கடல்பன்றி தண்ணீரில் எழும்பி முங்குவதைப் போல இருப்பதால் அந்தப் பெயர். ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடப் பலமாக வரும். 152-இல் நின்ற நிலையில் ப்ரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. முன்கால் அமுங்கினால் அந்த இடைவெளியும் இல்லை.

எனவே கைக்கு ஒரே ஒரு வேலை. துள்ளியதும் யோக் நிற்கிற இடத்தில் நிற்கட்டும். தள்ளவும் வேண்டாம், மேலும் இழுக்கவும் வேண்டாம். பார்வை அடிவானத்தில். அப்புறம் முடிவு.

ஒன்றிரண்டு அடித் துள்ளல், விமானம் நேராக இருக்கிறது, முன்னால் ரன்வே நிறைய இருக்கிறது என்றால் மூக்கை லேண்டிங் நிலையில் வைத்துக்கொண்டு, இறக்கத்தை மெதுவாக்கக் கொஞ்சம் பவர் கொடுத்து, மறுபடி தாங்கிப் பிடித்து உட்கார வையுங்கள். அதற்கு மேல் எவ்வளவு துள்ளினாலும், சந்தேகம் வந்தாலும், கோ-அரவுண்ட். முதல் பத்து சோலோவுக்கு என் மாணவர்களுக்கு இதைவிட எளிய சட்டம் வைத்திருக்கிறேன்: எவ்வளவு சின்னத் துள்ளலாக இருந்தாலும் கோ-அரவுண்ட். யோசிக்கிற நேரம் மிச்சம்.

ஃப்ளேரை உயரத்தில் செய்து விமானம் பலூன் போல மேலே போய்விட்டாலும் இதே கதைதான். அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. மேலே போன விமானத்தின் வேகம் கரைந்துகொண்டே இருக்கும். ஸ்டால் ஹார்ன் கத்தும்போது இழுத்துக்கொண்டே நின்றால் பத்தடியிலிருந்து பொத்தென்று விழும். அதற்கும் பவர்தான் மருந்து.

கோ-அரவுண்டில் இருக்கும் ஆபத்து

"சந்தேகம் வந்தால் கோ-அரவுண்ட்" என்று சொல்லிவிட்டு அதை எப்படிச் செய்வது என்று சொல்லாமல் விட்டால் நான் பாதி வேலைதான் செய்தேன் என்று அர்த்தம். அப்ரோச்சுக்காக ட்ரிம் (யோக்கைப் பிடிக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தி வைக்கும் அமைப்பு) பின்னால், மூக்கு உயரும் பக்கம் இருக்கிறது, ஃப்ளாப் 30-இல் இருக்கிறது. முழு பவர் கொடுத்ததும் மூக்கு தானாக மேலே பாயும், இடப்பக்கம் இழுக்கும். இதை எதிர்பார்க்காத மாணவர் கோ-அரவுண்டிலேயே ஸ்டால் ஆகிறார், அல்லது இடப்பக்கப் புல்லுக்குள் போகிறார்.

வரிசை இது. எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டில் முழுதும் முன்னால், வெடுக்கென்று இல்லாமல் ஒரே சீராக. கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் தரும் குமிழ்) உள்ளே. அந்தக் குமிழ் த்ராட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மறந்தால் எஞ்சின் முழு வலுவைத் தராது. அதே நேரம் வலது ரடர், சென்டர்லைன் நழுவாத அளவுக்கு. மூக்கை அடிவானத்தில் பிடித்து நிறுத்துங்கள். இதற்கு யோக்கை முன்பக்கமாக அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், சில சமயம் பலமாகவே. முன்னே தள்ளாதே என்று சொல்லிவிட்டு இப்போது அழுத்தச் சொல்கிறேனே என்று குழம்பாதீர்கள். மூக்கைக் கீழே குத்துவதற்காக இல்லை, மேலே பாயும் மூக்கை நிறுத்தி வைப்பதற்காக. பவர் வந்த பிறகு மட்டும்.

அடுத்து ஃப்ளாப் 20-க்கு. வேகம் 55. ஏறத் தொடங்கியதும், தடைகளைத் தாண்டியதும், மிச்ச ஃப்ளாப்பை மெதுவாக எடுங்கள். பதற்றத்தில் ஃப்ளாப்பை ஒரேயடியாக மேலே தட்டினால் இறக்கையின் தூக்குவிசை சட்டென்று குறைந்து விமானம் தரைக்கே திரும்பி வந்துவிடும். ரேடியோவில் "கோயிங் அரவுண்ட்" என்று சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசியில். டவர் காத்திருக்கும்.

இதை இன்ஸ்ட்ரக்டரோடு இருபது முறையாவது செய்யாமல் சோலோ போகாதீர்கள். உயரத்தில் 3,000 அடியில் செய்தது கணக்கில் சேராது. ஃப்ளேரிலிருந்து, ஐந்தடியிலிருந்து, துள்ளலுக்குப் பிறகு செய்து பார்த்திருக்க வேண்டும். உங்கள் இன்ஸ்ட்ரக்டர் காட்டவில்லை என்றால் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் ஏன் கோ-அரவுண்ட் போகத் தயங்குகிறார்கள் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். பயம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் பணம். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், ஒவ்வொரு மணிக்கும் பல ஆயிரம் ரூபாய். அப்பா நிலத்தை அடமானம் வைத்திருப்பார், அம்மாவின் நகை பேங்கில் இருக்கும். ஒரு சர்க்யூட் வீணானால் மனசுக்குள் மீட்டர் ஓடுகிறது. போன வருடம் ஒரு பையன் என்னிடம் சொன்னான், "மேடம், ஒரு ரவுண்டு எக்ஸ்ட்ரா போனா எங்க அப்பாவோட ஒரு நாள் சம்பளம் போயிடும்." அவனிடம் சொன்னேன்: "தம்பி, அந்த ரவுண்டும் உன் லாக்புக்கில் ஏறுகிற நேரம்தான், வீணே இல்லை. ப்ரொப்பெல்லர் தரையில் பட்டால் எஞ்சினைக் கழற்றி உள்ளே முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் இந்த ஆறு நிமிடம் எவ்வளவு?" அவன் அதற்குப் பிறகு நான்கு முறை கோ-அரவுண்ட் போனான். நான்கும் சரியான முடிவு.

குறுக்குக் காற்று

கணக்குப் போடும் எளிய வழி நம் எண்களிலேயே இருக்கிறது: கால், அரை, முக்கால், முழுசு. காற்றின் திசைக்கும் ரன்வே திசைக்கும் வித்தியாசம் 15 டிகிரி என்றால் காற்றின் வேகத்தில் கால் பங்கு குறுக்கே அடிக்கிறது. 30 என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60-க்கு மேல் முழுசும் குறுக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். ரன்வே 27, அதாவது 270 டிகிரி திசை, டவர் காற்று 240 டிகிரி 14 நாட் என்கிறது. வித்தியாசம் 30, எனவே 7 நாட் குறுக்கே, இடப்பக்கத்திலிருந்து. கடிகார முள்ளைப் போல நினைத்தால் மறக்காது. 152-இல் சோதித்துக் காட்டப்பட்ட குறுக்குக் காற்று 12 நாட். அது தொழில்முறை பைலட்டின் கையில். உங்கள் சோலோ வரம்பை உங்கள் இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் எழுதியிருப்பார், அது இன்னும் குறைவு. அதை மதியுங்கள்.

காற்று குத்திக் குத்தி அடித்தால், சாதா வேகத்துக்கும் குத்து வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அப்ரோச் வேகத்தில் சேருங்கள். 10 நாட், குத்து 18 என்றால் நான்கு. 60-க்குப் பதில் 64. மனசு பயந்து 75 ஆக்க வேண்டாம்.

தொடும்போது இரண்டு வேலை. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தினால் விமானம் ஓரமாக நகராது. எதிர்ப்பக்க ரடரால் மூக்கு ரன்வேக்கு நேராக நிற்கும். காற்றுப்பக்க மெயின் வீல் முதலில் தொடும், அடுத்து மற்றது, கடைசியில் நோஸ் வீல். ஒற்றைச் சக்கரத்தில் தொடுவது பயமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. மூக்கு கோணலாக இருக்கும்போது தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு விமானம் ஓரத்துக்குப் பாயும்.

தொட்டதும் பெரும்பாலானோர் "முடிந்தது" என்று மூச்சுவிட்டு யோக்கை நடுவுக்கு விடுகிறார்கள். அங்கேதான் காற்று இறக்கையைத் தூக்குகிறது. வேகம் குறையக் குறைய எய்லரானைக் காற்றின் பக்கம் இன்னும் இன்னும் கொடுத்து, டேக்ஸி வேகத்தில் முழுசாகக் கொடுத்து வைத்திருங்கள். ரடரில் கால்கள் உயிரோடு இருக்கட்டும். குதிகால் தரையில். பாதத்தை மேலே வைத்தால் தெரியாமலேயே பிரேக் அழுந்தும், பிரேக் அழுந்திய சக்கரத்தோடு தொட்டால் டயர் வெடிக்கும். ஃப்ளாப் எடுப்பது, ரேடியோ, விளக்கு எல்லாம் ரன்வேயை விட்டு வெளியே வந்து நின்ற பிறகு.

மகாராஷ்டிரத்தின் கிழக்கே உள்ள விதர்பா பக்கத்து மே மாதப் பிற்பகல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 44, 45 டிகிரி வெயிலில் தார்த்தளத்துக்கு மேல் காற்று கொதிக்கும். உழுத வயலுக்கு மேல் ஒரு மாதிரி, ரன்வேக்கு மேல் வேறு மாதிரி தூக்கும். மெலிந்த காற்றில் அதே 60 நாட் காட்டினாலும் தரையில் ஓடும் வேகம் அதிகம். என் மாணவர்களின் சோலோ அந்த மாதங்களில் காலை ஒன்பதுக்குள் முடிந்துவிடும். ஷெட்யூல் தள்ளிப்போய் பதினொன்றுக்கு வந்தால் நான் அனுப்பமாட்டேன். நீங்களும் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். வேறு ஏர்ஃபீல்டுக்குப் போகும்போது ரன்வே அகலத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். அகல ரன்வேயில் பழகிய கண்ணுக்கு ஒடுக்கமான ரன்வே "உயரமாக இருக்கிறாய்" என்று பொய் சொல்லும். அதை நம்பித் தாழ்வாக வந்து, ஃப்ளேரையும் தாமதமாகச் செய்வீர்கள்.

உடைந்துவிட்டால், அல்லது உடைந்ததோ என்று தோன்றினால்

விமானம் நின்றதும் மிக்ஸ்சர் (எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் கலவைக் குமிழ்) வெளியே, ஃப்யூல் ஷட்-ஆஃப், இக்னிஷன் ஆஃப், மாஸ்டர் ஆஃப். பெல்ட்டைக் கழற்றுங்கள். ப்ரொப்பெல்லர் நின்றதைப் பார்த்துவிட்டு இறங்கி, வால் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கத் திரும்பிப் போகாதீர்கள். பெட்ரோல் கசிந்தால் தெரியாது. விமானத்தை யாரும் நகர்த்தக் கூடாது. சோலோவில் பைலட்-இன்-கமாண்ட் நீங்கள்தான். விபத்து என்றால் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கும் விமான விபத்து விசாரணை அமைப்பான ஏஏஐபிக்கும் தகவல் போக வேண்டும், பள்ளி அதைச் செய்யும், உங்களிடம் கேட்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னும் கஷ்டமானது வெளியே ஒன்றும் தெரியாத லேண்டிங். பலமாகக் குத்தியது, ஆனால் விமானம் நடக்கிறது, யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். ஃபயர்வாலில் ஒரு சுருக்கம் விழுந்திருக்கலாம், முன்கால் தாங்கியில் விரிசல் இருக்கலாம். அடுத்த ஸ்லாட்டில் அதே விமானத்தில் உட்காரப் போவது உங்கள் ரூம்மேட். விமானத்தின் கோளாறுகளைப் பதியும் டெக் லாக்கில் "ஹார்ட் லேண்டிங்" என்று எழுதுங்கள், மெக்கானிக்கிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். என்னிடம் வந்து சொன்ன எந்தப் பிள்ளையையும் நான் திட்டியதில்லை. சொல்லாமல் மறைத்து பிறகு தெரியவந்த ஒருவனை மட்டும் இரண்டு வாரம் பறக்கவிடவில்லை.

என் விபத்துக்குப் பிறகு பதினோரு நாள் நான் விமானத்தைத் தொடவில்லை. மெஸ்ஸில் யாரோடும் பேசவில்லை. அம்மாவிடம் ஃபோனில் "கிளாஸ் நடக்குது" என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டாவது நாள் காலை என் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஃபைனலில், ஃப்ளேரில், சக்கரத்துக்கும் தரைக்கும் ஓரடி இருக்கும்போது, "கோ-அரவுண்ட்" என்றார். போனேன். இரண்டாவது அப்ரோச்சிலும் அதே இடத்தில் அதையே சொன்னார். மூன்றாவதிலும். நான்காவது முறை ஃப்ளேரில் அவர் வாயைத் திறக்கக் காத்திருந்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன், ஸ்டால் ஹார்ன் முனகியது, மெயின் வீல் இரண்டும் தொட்டன.